அண்ட் சன்ஸ்

ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடில்
மூன்றாவது கூண்டு என்னுடையது.
ரிங்கிட், ரூப்பியா, பாட், டோங்.
தேசத்துக்கொரு முகம்
நாளெல்லாம் என் விரலைக் கடக்கிறது.
யாரும் நின்று பார்ப்பதில்லை, நானும்தான்.

இன்று மதியம் டை கட்டிய ஒருவர்
பழைய ஃபிலிம் டப்பாவிலிருந்து
ஒன்றை உருட்டிவிட்டார்.
கோயம்புத்தூரில் வாங்கியதாம்.
வெள்ளிதானா, பார்த்துச் சொல்லுங்கள்.

ஒருபுறம் வாகை சூடிய ரோமப் பேரரசன்.
மறுபுறம் பேரன்மார் இருவர்,
நடுவில் கேடயமும் ஈட்டியும்.
அடுத்தது இவர்கள்தாம் என்று
சிப்பாயின் மடிவரை போய்ச்சேர
அடித்துக் குவித்த விளம்பரம்.

இளையவன் நோயில் போனான்.
இரண்டு வருஷத்தில் மூத்தவன், பட்ட காயத்தில்.
செத்த பிள்ளைகள் கப்பலேறி
மிளகு வாங்க வந்தார்கள்.

அப்பாவும் அடித்தார்,
தீபாவளிக்குத் தீபாவளி காலண்டர்.
தம்பிகள் இருவரும் கோட்டுப் போட்டு,
நடுவில் லட்சுமி.
சின்னவன் பைக்கில் போன வருஷமும் வந்தது;
அச்சுக்கு முன்பே கொடுத்தாகிவிட்டதாம்.

பலகை மாட்டிய அன்று
பெரியவனுக்கு ஆறு வயது,
சின்னவனுக்குப் பல் முளைக்கவில்லை.
எனக்குப் பன்னிரண்டு.
ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.
சேவுகன் அண்ட் சன்ஸ்.
பெரியவன் பெர்த்தில் பல் பிடுங்குகிறான்.
சின்னவன் சுவரில், மாலைக்குள்.

லென்ஸை இறக்கினேன்.
அரசன் கன்னத்தில் ஒரு வெட்டு,
காதிலிருந்து வாய்வரை.
கரூரிலோ முசிறியிலோ
என் தொழில் செய்த எவனோ
உளி வைத்திருக்கிறான்.
யார் மகன், யார் பேரன் என்று பார்க்கவில்லை.
நாணயம் பார்த்தான்.
செம்புக்கு வெள்ளிப் பூச்சா,
உள்ளே வரைக்கும் அதுவேதானா.

உளிக்காரனுக்கு
வீட்டில் பெண் இருந்தாளா,
அவளா கணக்கு எழுதினாள்,
தெரியாது.

தராசில் மூன்று கிராம் எழுபது.
வெட்டுக்குள்ளும் வெள்ளி.
சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார்.

வெளியே, விளக்கெழுத்து மாற்ற வந்த கோ
காலையிலேயே கேட்டார்,
பழைய எழுத்தேதானா மேடம்?
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
முப்பத்தெட்டு வருஷம் யோசிக்காததை.

இப்போது அவர் சாப்பிடப் போயிருக்கிறார்.
கழற்றிய 'சன்ஸ்' தரையில்
அட்டைமேல் குப்புறக் கிடக்கிறது.
மேலே
சேவுகன் அண்ட்

மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.
ரிங்கிட் என்ன ரேட், என்கிறாள்
வரிசையில் அடுத்தவள்,
பலகையை அண்ணாந்து பார்த்தபடி.