திமிங்கிலத்தின் கீழே ஒரு டப்பா

திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகம் மூடியிருக்கும்.
அன்றுதான் நாங்கள் சண்டை போடுவோம்.

நார்வேயின் மேற்குக் கரை, மழை விடாத சிறு ஊர்.
கூடத்தில் இருபத்து மூன்று மீட்டர் நீலத் திமிங்கிலம்,
எலும்பு மட்டும்,
இரும்புக் கம்பிகளில் தொங்குகிறது.
கொன்று நூற்றுப் பதினாறு வருஷம்.
தாடையிலிருந்து இன்னும் எண்ணெய் சொட்டுகிறது;
கோடையில் நாளுக்கு நான்கு சொட்டு,
குளிர்காலத்தில் ஒன்று,
அதுவும் யோசித்து யோசித்து.

கீழே ஒரு தகர டப்பா.
மீன் உருண்டை அடைத்து வந்தது,
மேலே அச்சிட்ட மீனைத் துரு பாதி தின்றிருக்கும்.
கூடம் துடைக்கும் குட்வைக் வைத்தது.
எந்த வருஷம் என்று அவளும் சொன்னதில்லை,
நாங்களும் கேட்டதில்லை.

போன செப்டம்பரில் பயிற்சிக்கு வந்தான் சிந்த்ரே.
நல்ல பிள்ளை. சொன்னதைச் செய்வான்.
எண் இல்லாத பொருள் இந்தக் கட்டடத்தில் இருக்கக் கூடாது
என்று யாரோ சொல்லிவைக்க,
டப்பாவைக் கவிழ்த்துத் துடைத்து
அடியில் மெல்லிய தூரிகையால் எழுதிவிட்டான்:
4417.
அட்டையில்,
'தகரக் கலம். எண்ணெய்ச் சுவடுகளுடன். நிலை: சுமார்.'

எண் விழுந்தால் விழுந்ததுதான்.
பெயரை மாற்றலாம், காலத்தைத் திருத்தலாம்;
எண்ணை அழிக்க மூன்று கையெழுத்து,
ஒரு குழு,
தலைநகரத்துக்கு ஒரு கடிதம்.

ஆகவே இந்தத் திங்கள்
காப்பி ஆற ஆற
டப்பாவைப் பற்றிப் பேசினோம்.

கையுறையைக் கழற்றாமலே பேசும் தூர்ஹில்ட் சொன்னாள்:
சேகரிப்பில் உள்ள பொருள்மேல்
எண்ணெய் விழ விட முடியாது.
இயக்குநர் ஐலெர்ட் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்:
எண்ணெய் விழாவிட்டால் அது எதற்குச் சேகரிப்பில்?
அப்படியானால் திமிங்கிலத்தை இறக்குவோம்,
எலும்பை ஊறவைத்துக் கொழுப்பு எடுப்போம், இரண்டு வருஷம்.
இரண்டு வருஷம் ஜனம் எதைப் பார்க்க வரும்,
டப்பாவையா?

ஒருவரும் சிரிக்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கும் ராக்னா சொன்னாள்,
அவர்கள் அண்ணாந்து நிற்பதே அடுத்த சொட்டுக்காகத்தான்.
'திமிங்கிலம் அழுகிறது' என்று பலகை வைக்கலாமா?
தூர்ஹில்ட்: அது கொழுப்பு. கொழுப்பு அழாது.

குறிப்பெழுதுகிறவன் நான்.
அழுகிறது என்று எழுதி அடித்தேன்.
கசிகிறது என்று எழுதினேன்.
கசிவது தப்பித்துப் போவது;
இது எங்கே தப்பித்தது?
எண்ணெய்க்காகத்தானே கொன்றார்கள்.
பீப்பாய்க்காரர்கள் செத்தாயிற்று, கம்பெனி மூடியாயிற்று,
கேட்க ஆளில்லாத பாக்கியை
இது இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது.
அதையும் அடித்தேன். குறிப்பேட்டில் அதற்கு இடமில்லை.

இதற்கிடையில் 4417
கிடங்கில், பதினெட்டு டிகிரியில்,
அமிலமற்ற காகித மெத்தையில்.
கூடத்துத் தரையில் தட்டளவு கறை.

துடைப்பவர்களைக் கூட்டத்துக்கு அழைப்பதில்லை.
கதவுக்கு அப்பால் வாளியின் சக்கரம் கிரீச்சிட்டது,
நின்றது.
இரண்டுக்கு இரண்டு வாக்கு.
முடிவு ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதி மூடினேன்.

வெளியே வந்தால்
குட்வைக் தொட்டியோரம் நின்று
டப்பாவிலிருந்து பீச் பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள்.
அவசரமில்லை.
கடைசியில் பாகையும் குடித்தாள்,
கழுவினாள்,
தாடைக்கு நேரே வைத்தாள்,
பிறகு இரண்டு விரற்கடை இடப்பக்கம் தள்ளினாள்.
(சிற்றுண்டிக்கடைக்கு வெப்பம் கூட்டியதிலிருந்து
சொட்டு இடம் மாறியிருக்கிறது.
எங்கள் அறிக்கை எதிலும் அது இல்லை.)

டிங்.

சிந்த்ரேவிடம் கையை நீட்டினாள்.
அவன் எங்கள் முகங்களைப் பார்த்தான்.
தூரிகையைக் கொடுத்தான்.
மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு
வாளியைத் தள்ளிப் போய்விட்டாள்.