காலுறை ஆடுகள்

மார்த்தாண்டத்திலிருந்து ஒன்பது மாணவர்கள் வந்தோம்.
போதகர் ஒவ்வொரு தலையிலும் கைவைத்து அனுப்பினார்.
காணிக்கைப் பையில் விழுந்த பத்து ரூபாய்களுக்கெல்லாம்
நான்தான் கணக்குச் சொல்லியாக வேண்டும்.
அதற்கென்றே ஒரு கோடு போட்ட நோட்டு.

லெங்கோக் பாருவில், மின்தூக்கி அருகே,
வூன் லியான் அக்கா எங்கள் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.
பொம்மலாட்டத் திரை. ஜால்ரா இரண்டு.
வெள்ளைக் காலுறையில் தைத்த ஆடுகள்,
பொத்தான் கண், சிவப்பு நூல் வாய்.
ஒன்றைக் கையில் மாட்டி ஆட்டிப் பார்த்துச் சிரித்தார்.
பிறகு பெட்டியை அவரே மூடினார்.
இங்கே பாட்டு வேண்டாம், பிரசங்கம் வேண்டாம்,
ஆறாம் மாடியில் மூட்டைப்பூச்சி,
கையுறை இருக்கிறதா?

ஒரே அறை.
அதற்குள்ளேயே அடுப்பு, துணிக்கொடி, பள்ளிப்பை,
சுவரோரம் மூன்று பேர் ஒருக்களித்தால் கொள்கிற மெத்தை.
ஜன்னலை ஒட்டி ரயில் போனால் தட்டுகள் பேசும்.
மாமா கொண்டுவரும் சாக்லேட் டப்பாவில்
இந்தச் சிங்கப்பூர் ஒருநாளும் இருந்ததில்லை.

கோமளவல்லி இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்,
மருத்துவமனையில் தரை துடைக்கிறவர்.
"படம் மட்டும் எடுக்காதீங்க" என்றார்.
கைபேசியைப் பைக்குள் போட்டேன்.
அன்றைய கணக்கில் எழுதியது: மெத்தை 1. கட்டில் இல்லை.

கொதிநீர் ஊற்றினோம். திருகாணித் துளைகளை
பஞ்சுக்குச்சியால் குடைந்தோம்.
ஜெர்லின் இரண்டு முறை வெளியே போய்
முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.
சுவரைச் சுரண்டினால் வெள்ளைக்கடியில் மஞ்சள்,
மஞ்சளுக்கடியில் நீலம்.

"மஞ்சள் கொரியாக்காரங்க அடிச்சது,"
வாசலில் உட்கார்ந்திருந்த ஹரிஷன் சொன்னான். ஒன்பது வயது.
"நீலம் நான் கேஒன் படிக்கும்போது. யாருன்னு தெரியல.
நீங்க என்ன கலர்?"
குறை சொல்லும் குரலில்லை;
அடுத்த பஸ் எப்போது என்று கேட்கிற குரல்.

பச்சை என்றோம். அவன் தலையாட்டினான்.

பொழுது சாய்ந்த பிறகுதான் தெரிந்தது:
பூச்சித் துணி என்று நாங்கள் கறுப்புப் பையில் இறுக்கிக் கட்டி
குப்பைக் குழாயில் தள்ளியதில்
அவன் பள்ளிக் காலுறைகள் இரண்டு ஜோடியும் போயிருந்தன.
விடிந்தால் பள்ளி.
கோமளவல்லி எதுவும் சொல்லவில்லை.
மறுபடி வேலைக்குப் போக முடியைக் கட்டிக்கொண்டிருந்தார்,
ரப்பர் வளையத்தைப் பல்லில் கடித்தபடி.

கடைக்கு ஓடியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.
ஆஸ்வின்தான் கீழே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தான்.
அவன் அம்மா நான்கு ஞாயிறு உட்கார்ந்து தைத்த ஆடுகள்.
நகவெட்டியால் முதலில் காதை அவிழ்த்தோம், பிறகு வாயை.
கண்களை நான் பிடுங்கினேன்.
சிவப்பு நூல் போன இடத்தில்
ஊசித் துளைகள் சிரித்த மாதிரியே நின்றன.

பெரிய அளவு. குதிகால் கணுக்காலுக்கு மேலே உட்கார்ந்தது.
நடந்து காட்டினான்,
அடுப்பிலிருந்து கதவுவரை, கதவிலிருந்து அடுப்புவரை,
அவ்வளவுதானே அந்த வீடு.
"ஓகே லா," என்றான்.

கடைசி நாள் கோமளவல்லி ஆளுக்கொரு மைலோ பாக்கெட் தந்தார்.
"ஒங்க வீட்ல எத்தன ரூம்?" என்று என்னைக் கேட்டார்.
நல்லவேளை, அப்போது ரயில் வந்தது.

மின்தூக்கிக் கதவு மூடும்போது ஹரிஷன் கத்தினான்:
"அக்கா, பை தையல பாத்துக்குங்க!
கூடவே வந்துரும்!"

சாங்கியில், எல்லோரும் நீரூற்றோடு படம் எடுக்கப் போனபின்,
பையைக் கவிழ்த்து மடியில் வைத்து
தையலோரம் விரலை ஓட்டுகிறேன், அங்குலம் அங்குலமாக.
சட்டைப்பையில் நான்கு பொத்தான்கள்.
மணிக்கட்டில் மூன்று தடிப்பு, வரிசை பிசகாமல்.

வரும் ஞாயிறு சாட்சி சொல்ல
எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.
படம் கேட்பார்கள்.
சொறியாமல் நிற்க முடிந்தால் போதும்.