பதினோரு விநாடி

நூல் கிடங்குக்கு உரிமம் கேட்டோம்.
தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர்
நூல்கட்டுகளைப் பார்க்கவே இல்லை.
மரப்படியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு,
"கீழே தீப்பிடித்தால்
மேலே படுத்திருப்பவர் எந்த வழியாக வருவார்?" என்றார்.

மேலே படுப்பது ஹம்சா.
கல்லூரி இரண்டாம் ஆண்டு.
கூப்பிட்டால் எழாத தூக்கம்.

வெளியே ஓர் இரும்புப் படி
வைத்துவிட்டால் போச்சு என்றார் இவர்.
தொல்லியல் துறை டேப் பிடித்தது:
கோயில் மதிலிலிருந்து எண்பத்து நான்கு மீட்டர்.
நூறுக்குள் புதிதாக எதுவும் எழும்பக் கூடாது.
இருப்பதைப் பழுது பார்க்கலாம்,
அதற்கும் மனு.
தாராசுரத்தில் இத்தனை நூற்றாண்டாய்
கல்தேர் இழுத்து நிற்கும் குதிரை
எங்கள் படியைப் பார்த்தா மிரளப்போகிறது?

அரசலாற்றில் தண்ணீர் வந்தது, வற்றியது,
மறுபடி வந்தது.
அப்புறம் பதில் வந்தது.
சன்னல் இருக்கும் இடத்தில் இருக்கட்டும்,
கம்பி மட்டும் திறக்கலாம்.

திருடனுக்கும் குரங்குக்கும் பயந்து
தன் அப்பா பற்றவைத்த கம்பியை
வெல்டர் ஜெய்லானி அறுத்தார்.
பொறி பறந்த பக்கமெல்லாம்
வாளித் தண்ணீரோடு நகர்ந்தேன் நான்.
இரண்டு கீல், உள்பக்கம் ஒரு தாழ்,
தோள் நுழையும் அகலம்.
"பூட்டு?" என்று கேட்டேன்.
"புகையில் சாவி தேடுவீங்களாம்மா?"

இருபது நாள் கழித்து ஒத்திகை.
அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்ட,
ஹம்சா தாழை நீக்கி
சன்ஷேடில் இடக்கால்,
தண்ணீர்க் குழாயின் மூன்றாம் கிளாம்பில் வலக்கால்,
துவைகல் மேல் குதித்து நின்றாள்.
கொலுசை எப்போது கழற்றினாள்?

"பதினோரு விநாடி. சபாஷ்!"
படிவத்தில் எழுதிக்கொண்டார்.
இவர் கைதட்டினார்.
நான் குழாயைப் பார்த்தேன்.
எல்லா கிளாம்பிலும் பச்சைப் பெயிண்ட்,
மூன்றாவதில் மட்டும் தேய்ந்து இரும்பு.

அன்றிரவு எண்ணெய்க் கிண்ணத்தோடு மேலே போனேன்.
விட்டால், தீ வந்தால் சட்டென்று திறக்கும்.
விடாவிட்டால்
எனக்குக் கேட்கும்.

கீலைத் தொட்டேன்.
ஏற்கெனவே வழுவழுப்பு.
முகர்ந்தால், அவள் தலைக்கு வைக்கும்
செம்பருத்தி எண்ணெய்.

போர்வைக்குள் மூச்சு
கொஞ்சம் அதிகச் சீராக இருந்தது.

இறங்கி வந்து கொல்லைக் கதவைத் திறந்து
துவைகல்லில் படிந்திருந்த பாசியை
தேங்காய் நாரால்
இருட்டிலேயே தேய்த்தேன்.
வழுக்கக் கூடாது.