நான்கு பில்கள்

பேசுவதையெல்லாம் எழுதாதே,
முடிவானதை மட்டும் எழுது என்றார்கள்
நான் வேலைக்குச் சேர்ந்த அன்று.
பதினேழு வருஷமாக அப்படித்தான்.
அலெந்தேஜு வெயில் ஜன்னலில் ஏறும்போது
பச்சை அட்டை நோட்டைத் திறப்பேன்,
தேதி போடுவேன்,
சண்டையை விட்டுவிடுவேன்.

கம்பெனிக்கு நூறு பங்கு.
அண்ணன் எவரிஷ்டுவிடம் நாற்பத்தொன்பது.
தங்கை எர்மீனியாவிடம் நாற்பத்தொன்பது.
பங்கைத்தான் பிரித்தேன் என்று நினைத்தே
அவர்கள் அப்பா கண்ணை மூடினார்.
மிச்சம் இரண்டு, தியோட்டோனியுவுக்கு.
கார்க் பட்டையை வேகவைக்கும் தொட்டியடியில்
முப்பத்தோரு வருஷம் நின்ற ஆள்.
கெட்ட வருஷம் ஒன்றில்
மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதில்
முதலாளி நீட்டிய இரண்டு தாள்.
அவர் மனைவி அதை
ரொட்டி மாவு டப்பாவின் அடியில் போட்டுவைத்தாள்.

மேலாளர் சுல்மீராவிடம்
ஒரு பங்கும் இல்லை.
சாவிக்கொத்து இருக்கிறது.

தொட்டி ஒழுகுகிறது.
புதுசு வாங்கலாம் என்றாள் தங்கை.
லாபத்தைப் பிரித்துக் கொடு என்றான் அண்ணன்,
லிஸ்பனில் அவனுக்கு ஏதோ கடன்.
தராசு முள் எங்கே நிற்கிறது என்று
இருவருக்கும் தெரியும்.
அந்த வாரம் தியோட்டோனியு வீட்டுக்கு
ஒரு பெட்டி ஒயின் போயிற்று,
மறுநாள் முழுப் பன்றித்தொடை ஒன்று.
இரண்டையும் வாங்கிக்கொண்டார்,
இரண்டு பேருக்கும் நன்றி சொன்னார்.

தொட்டிக்குத்தான் கை தூக்குவார் என்று
நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.
ஆவியில் வெந்த கை அல்லவா அது.

அவர் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை.
"என் வீட்டுக் கூரையும் ஒழுகுகிறது.
தொட்டிக்குக் கம்பெனி இருக்கிறது,
கூரைக்கு யார்?
பணத்தைப் பிரியுங்கள்."
எர்மீனியா
மேஜையில் பேனாவைக் கிடத்தினாள்.
சத்தமே வரவில்லை.

ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்பது.
ஈவுத்தொகை அறுபத்திரண்டாயிரம் யூரோ.
புதுத் தொட்டி: நிராகரிக்கப்பட்டது.
எழுதினேன். கையெழுத்து வாங்கினேன்.
கம்பெனி முடிவெடுத்துவிட்டது என்று
நோட்டு சொல்லும்.

திங்கட்கிழமை காலை
வெல்டிங் ஆட்கள் பின்வாசல் வழியே வந்தார்கள்.
ஐயாயிரத்துக்குக் கீழே என்றால்
மேலாளர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.
விதி பதினொன்று; நானே தட்டச்சு செய்தது.
நாலாயிரத்துத் தொள்ளாயிரம்,
நாலாயிரத்துத் தொள்ளாயிரம்,
நாலாயிரத்துத் தொள்ளாயிரம்,
இன்னொன்றும் அதே.
நான்கு பில், நான்கு தேதி,
"பராமரிப்பு" என்ற ஒரே வார்த்தை.
சுல்மீரா என் மேஜைமேல் வைத்துவிட்டு
காபி வேண்டுமா என்று கேட்டாள்.
வேண்டும் என்றேன்.

யாருடைய கம்பெனி இது?
வெளியே மலைச்சரிவில்
உரித்த வருஷத்தின் கடைசி எண்ணை
வெள்ளைப் பெயிண்டில் சுமந்து நிற்கின்றன மரங்கள்.
ஒன்பது வருஷம் கழித்து வா என்பதுதான்
அவை நிறைவேற்றும் ஒரே தீர்மானம்.
அண்ணன் கத்தினாலும் மாறாது,
தங்கை அழுதாலும் மாறாது.
ஏழாம் வருஷமே கத்தி வைக்கலாமா என்று
எவரிஷ்டு ஒருமுறை கேட்டான்.
அதையும் நான் எழுதவில்லை.

மாதக் கடைசியில் தியோட்டோனியு வந்தார்.
ஆயிரத்து இருநூற்று நாற்பது யூரோ.
இரண்டு முறை எண்ணினார்,
ரசீதில் பெயரை மெதுவாக வரைந்தார்.
வாசல்வரை போய்த் திரும்பி,
தொட்டிச் சத்தம் வரும் பக்கம்
காதைச் சாய்த்தார்.

"ஒழுகல் நின்றுவிட்டதே?"

நோட்டில் அப்படி ஒன்றும் இல்லை, ஐயா
என்றேன்.

தலையாட்டினார்.
தகரம் விற்கும் கடை
எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டார்.