இதர வகை

டவுன்ஹால் ரோட்டில் பனியன் கடை மாடியில்
ஆடிட்டர் ஆபீஸ்.
ஜூலை கடைசி வாரம்; படிக்கட்டிலிருந்தே வரிசை.
ஸ்கேன் முடிவுக்குக் காத்திருப்பவர்கள் போல
ஆளுக்கொரு ஃபைலை மடியில் வைத்து
உட்கார்ந்திருக்கிறோம்.

ஆடிட்டர் இல்லை. ஷர்மிளா பானுதான்
திரையை விட்டுக் கண் எடுக்காமல் கேட்கிறாள்:
"இது உங்க பென்சனா சார்?"
எனக்கேது பென்சன்.
கீழவாசலில் பம்புசெட் உதிரிபாகக் கடையில்
கணக்கெழுதியவன் நான்.
கடைசி நாளில் முதலாளி தந்தது
ஒரு வேட்டி, ஒரு சுவர்க்கடிகாரம்.
எந்த வரிப் பிரிவில் வரும் அதெல்லாம்?

இது ஜெயசீலியுடையது.
திருமங்கலம் அரசு மருத்துவமனை,
ரத்தப் பரிசோதனைக் கூடம்,
முப்பத்தொரு வருடம்.

அவள் ஓய்வுபெற்ற வருடம்
இதே இரும்பு நாற்காலியில் அவள்.
துணைக்கு வந்தவனாக நான், ஓரத்தில்.
பணிக்கொடைக்கு வரி இல்லை என்றாள் இந்தப் பெண்.
வருங்கால வைப்பு நிதிக்கு இல்லை.
கம்யூட்டேஷன் தொகை? கவர்மெண்ட்தானே மேடம், முழுசும் இல்லை.
எடுக்காத விடுப்பு
இருநூற்று நாற்பது நாளுக்கான காசு?
அதுக்கும் இல்லை.
"அப்ப எதுக்குத்தான் வரி?"
"மாசாமாசம் வர்ற பென்சனுக்கு.
அது இன்னமும் சம்பளக் கணக்குதான்."
வேலைக்குப் போகாமலே சம்பளம் என்று
மேலமாசி வீதி வரை
சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அந்த இருநூற்று நாற்பது நாளை
எனக்குத் தெரியும்.
வேளாங்கண்ணி டிக்கெட்டை மூன்று முறை ரத்து செய்தோம்.
டெங்கு வந்த ஐப்பசியில்
எனக்குக் குடலிறக்க ஆபரேஷன்;
மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்
அடையாள அட்டை கழுத்தில் ஆட
எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.
வாழாமல் விட்ட நாளுக்கு வரி கேட்க
அரசாங்கத்துக்கே கூச்சமோ என்னவோ.

பென்சனில் மூன்றில் ஒரு பங்கைப்
பதினைந்து வருடத்துக்கு விற்று
வில்லாபுரம் வீட்டுக்கு மாடி கட்டினாள்.
நாலாம் வருடம் போய்விட்டாள்.
மிச்சப் பதினோரு வருடத்தைத் திருப்பித் தா என்று
கருவூலம் கேட்கவில்லை.
நான்தான் மாடிப்படி ஏறும்போதெல்லாம்
எண்ணிவிடுகிறேன்.

"குடும்ப ஓய்வூதியம் சம்பளத்துல வராது சார்.
அவங்க வேலை பாத்தாங்க, நீங்க பாக்கல.
இதர வகை வருமானம்னு போடணும்."
இதர வகையில் வேறென்ன வரும் என்றேன்.
பேங்க் வட்டி. லாட்டரிப் பரிசு.
"ஆனா மூணுல ஒரு பங்கோ, சட்டம் சொல்ற தொகையோ
எது கம்மியோ அதைக் கழிச்சுரலாம்."
எதற்கான கழிவும்மா அது?
விரல் கீபோர்டில் நின்றது.
"தெரியல சார். செலவுன்னு வச்சுக்கங்க."

அப்புறம் தேதி கேட்டாள்.
நவம்பர் ஒன்பது.
"அப்ப ரெண்டு ரிட்டன்.
ஒன்பது வரைக்கும் அவங்களுது, சம்பளம்.
அதை வாரிசுன்னு நீங்க கையெழுத்துப் போடணும்.
பத்துல இருந்து உங்களுது, இதரம்."

ஒன்பதாம் தேதி சாயங்காலம்
டாக்டர் கையிலிருந்த ரிப்போர்ட்டை
எதிர்ப்பக்கம் படுத்தபடி, தலைகீழாகவே
படித்துவிட்டாள். தொழில் பழக்கம்.
என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
"வீட்டுச் சாவி எடுத்து வந்தீங்களா?" என்றாள்.

பத்து விடிந்தபோது
நான் இதர வகையில் இருந்தேன்.

ஒப்புகை இரண்டையும்
ஒரே பின்னில் அடித்துக் கொடுத்தாள் ஷர்மிளா பானு.
படியில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்த
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்
முழங்காலை ஒதுக்கி வழிவிட்டபடி கேட்டார்:
"எவ்வளவு கட்டச் சொன்னாங்க?"

எனக்கு ஒண்ணுமில்லை.
அவளுக்குத்தான், நானூற்றுப் பத்து ரூபாய்.
கட்டிட்டேன்.