இடப்பக்கக் கோடு

முல்லைத்தீவில் ஐஸ் போட்ட பெட்டி பதினொன்று,
சூடையும் பாரையும், மேலே தறப்பாள்.
இரண்டு மணிக்குப் பட்டாவை எடுத்தால்
விடிய முன்னம் வவுனியாச் சந்தை.
கைக்கு இந்தத் தெரு மனப்பாடம்.
கண்தான் இப்ப மறந்து மறந்து போகிறது.

ஒட்டுசுட்டான் மட்டும் கரைச்சலில்லை.
காடு இருட்டாய்க் கிடக்கும்; இருட்டு நல்ல பிள்ளை,
விட்ட இடத்தில் நிற்கும்.
மாங்குளத்தில் ஏ-ஒன்பதில் ஏறியவுடன்
எதிரே
கொழும்பு பஸ்கள் தொடங்கும்.

முந்தி லைட் என்றால் மஞ்சள்,
பழுத்த பாலைப்பழம் மாதிரி.
தூரத்தில் கண்டு நான் டிம் அடிக்க
அவனும் அடிப்பான்,
பேர் தெரியாத இரண்டு பேர்
தலை குனிந்து விலகிப் போகிற மாதிரி.
இப்ப வருகிறவன் குனிகிறதில்லை.
நீலம் கலந்த வெள்ளை,
கண்ணாடி முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணி ஊற்றினது போல.
ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முள் முளைக்கும்.
பஸ் போன பிறகும் அது போகாது,
உள்ளே ஒரு பச்சை வட்டம் மிதக்கும்.
அந்த வட்டத்துக்குள்
ஒரு மாடு படுத்திருக்கலாம்,
ஒரு சைக்கிள் போகலாம்,
யானை நிற்கலாம், அதுவும் கறுப்பு.
நான் ஓடிக்கொண்டுதான் இருப்பேன்.

வவுனியா ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில்
நாற்பத்தாறாம் நம்பர்.
டொக்டர் பிள்ளை கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தா.
அங்கேயும் லைட்.
"புரை இன்னும் முத்தேல்லை ஐயா,
ஆவணிக்குப் பிறகு பாப்பம்.
அதுவரைக்கும் இரவிலை ஓடாதேங்கோ."
மீனுக்கு அதைச் சொல்லேலாது.

அதுக்குப் பிறகுதான் நகுலாம்பிகை ஏறினாள்.
இடப்பக்கச் சீற்றில், மடியில் தேத்தண்ணிப் போத்தல்,
ஒருநாளும் ஸ்டியரிங் பிடித்தறியாதவள்.
"லைட்டைப் பாக்காதேங்கோ. கோட்டைப் பாருங்கோ."
தெருக்கரையில் ஓடும் வெள்ளைக் கோடு.
அது அழிந்த இடங்களில் அவளே கோடு:
"கிட்ட... கிட்ட... போதும்.
மாடு. ரெண்டு. கண்டும் நிக்குது."
"நான் கண்டனான்" என்பேன் கோபமாய்.
நான் காணவில்லை.

போன வெள்ளி, புளியங்குளம் தாண்டி
ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்றாய் ஏழு பஸ்.
ஏழாவது போனதும் ஓரங்கட்டினேன்.
கை நடுங்கியது.
பார்க்காத மாதிரிப் போத்தலைத் திறந்தாள்.
எஞ்சினோடு லைட்டையும் நிற்பாட்டினேன்.

மெல்லத் தெரு திரும்பி வந்தது.
முதலில் மரங்களின் மேல்விளிம்பு,
பிறகு வானத்தின் சாம்பல்,
பிறகு தார், அதில் பனி ஈரம்.

அந்த மாசியிலும் இப்படித்தான்.
மேலே சுற்றுகிறவன் காண்பான் என்று
லைட்டில் சாணி அப்பியிருந்தேன்.
பின்பெட்டியில் மீனில்லை, ஆட்கள்,
ஒருத்தி முனகிக்கொண்டு.
ஒரு பொடியன் இறங்கினான், வெள்ளைச் சேட்டு.
"என்ரை சேட்டைப் பாத்து வாங்கோ அண்ணை."
இரண்டு மைல் முன்னால் நடந்தான்.
பள்ளம் என்றால் கையை உயர்த்துவான்.
வெள்ளை நின்றால் நான் நிற்பேன்.
ஆஸ்பத்திரி என்று சொன்ன பள்ளிக்கூடத்தில்
ஆட்களை இறக்கித் திரும்பினால்
அவன் இல்லை.
பேர் கேட்கவில்லை. முகமும் தெரியாது.
முதுகு மட்டும் தெரியும்,
இப்பவும், எந்தக் கூட்டத்திலும்.

இதை நான் நகுலாம்பிகைக்குச் சொன்னதில்லை.
அன்றைக்கும் சொல்லவில்லை.
தேத்தண்ணியில் சீனி கூட என்று மட்டும் சொன்னேன்.

"ஐஸ் உருகுது" என்றாள்.
சாவி. லைட்.
ஓமந்தைப் பக்கமிருந்து எட்டாவது வருகிறது,
முழு வெள்ளையும் விரித்துக்கொண்டு.
கண்ணைக் கீழே இடப்பக்கம் இறக்கினேன்.
கோடு நடந்துகொண்டிருந்தது,
அவசரமில்லாமல்.
"கிட்ட," என்றாள்.
"இன்னும் கொஞ்சம் கிட்ட."