ஒட்டுபால்

காய்ச்சல் விட்ட ஒன்பதாம் நாள்
நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு போனார்,
குலசேகரம் எஸ்டேட்டுக்கு.
நாற்பதாவது மரத்தில் கத்தி விழுந்தது.
எடுக்கக் குனிந்தார்,
வலது கை கூடவே வரவில்லை.
லீலாபாய் என்பதில்
லீ மட்டும்தான் வந்தது.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி.
"ராஜையனுக்க ஆளு யாரு?"
நான்தான்.

ஸ்கேன் படத்தில் இடப்பக்கம் லேசாக ஒரு மங்கல்.
கழுத்துக் குழாயில் அடைத்திருக்கலாம்,
நெஞ்சில் உறைந்த கட்டி மேலேறியிருக்கலாம்,
மூளைக்குள் நூல்நூலான குழாய்கள்
வீங்கி மூடியிருக்கலாம்,
சிலருக்குக் கடைசிவரை தெரியாமலே போகும்
என்றார் டாக்டர்.
வைரஸ் போகிற போக்கில்
ரத்தத்தை உறையவைக்குமாம்.

உறைவது எனக்குத் தெரியாததா?
டிஷ்ஷில் பாலை ஊற்றி
தினமும் ஆசிட் கலக்குகிற கை இது.
கொஞ்சம்தான் விடுவேன்,
அசையாமல் கிடக்கும் பிறகு.
வெட்டுச் சாலில் காய்ந்த ஒட்டுபாலை
விரலால் உரித்தெடுத்தால்தான்
மறுநாள் கத்தி போகும், பால் ஓடும்.
இங்கேயும் அப்படி உரிக்க முடியுமா சார்?

அவர் சிரிக்கவில்லை.
மருந்து இருக்கிறது, நேரம்தான் முக்கியம்,
எத்தனை மணிக்கு விழுந்தார், சரியாகச் சொல்லுங்கள்
என்று மறுபடி கேட்டார்.

நாற்பதாவது மரம், என்றேன்.